54 வருஷம் காத்திருந்த ஒரு பக்கம்: ஸாப்ஃபினோ எழுத்துருவின் கதை

மேக் கணினி பக்கத்துல இருந்தா ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. டெக்ஸ்ட்எடிட்டைத் திறங்க. எழுத்துருப் பட்டியல்ல கடைசிக்குப் போனா ஸாப்ஃபினோன்னு ஒண்ணு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துட்டு, அந்த எழுத்துருவோட பெயரையே ஆங்கிலத்துல தட்டுங்க. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. இஸட், ஏ, பி, எஃப், ஐ, என். இதுவரைக்கும் அழகான கையெழுத்து, அவ்வளவுதான். கடைசியா ஓ தட்டினதும் முழு வார்த்தையும் சட்டுனு வேற உருவத்துக்கு மாறிடும். ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே வடிவம், பேனாவை எடுக்காம போட்ட கையொப்பம் மாதிரி. ஒரு எழுத்தை அழிச்சா மறுபடி பழைய ஆறு எழுத்து வந்து நிற்கும்.

முதல் தடவை பார்த்தப்ப இதை நான் பிழைன்னுதான் நினைச்சேன். இருபது வருஷமா மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு, கேட்காம திரையில எது மாறினாலும் அது பிழைதான். வேணும்னே வெச்ச விஷயம்னு பிறகு தெரிஞ்சது. யார் வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சவன், 1944இல் ஒரு ஜெர்மன் சிப்பாய் வெச்சிருந்த ஓவிய நோட்டுல போய் நின்னேன்.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இந்த எழுத்துருவை நான் திருடியிருக்கேன்.

2006இல் என் தங்கச்சி கல்யாணம். ஆங்கிலப் பத்திரிகையை நானே டிசைன் பண்றேன்னு வீராப்பா சொல்லிட்டேன். எழுத்துருவுக்குக் காசு கொடுக்கணுங்கிற நினைப்பே அப்ப எங்க யாருக்கும் கிடையாது. கல்லூரி விடுதியில ‘2000 ஃபாண்ட்’னு மார்க்கர்ல எழுதின சிடி கை மாறிக்கிட்டே இருக்கும். ஸாப்ஃபினோ அதுல இல்ல. நண்பன் ஒருத்தன் தன் மேக்ல இருந்து கோப்பை எடுத்துக் கொடுத்தான். இணையத்துல கிடைச்ச ஏதோ ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு விண்டோஸுக்கு மாத்திக்கிட்டேன். பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர், மண்டபத்தோட பேர் எல்லாத்தையும் கேபிடல் எழுத்துல ஸாப்ஃபினோவில் போட்டு, தங்க மையில ஸ்கிரீன் பிரின்டிங்கும் பண்ணியாச்சு. பத்திரிகை போய்ச் சேர்ந்த மறுநாள் பெரியப்பா போன் பண்ணினார். “டேய், மண்டபம் பேர் என்னடா? கொடி படர்ந்த மாதிரி இருக்கு, ஒரு எழுத்தும் தெரியல.”

அந்தப் பத்திரிகையில நான் பண்ணின தப்பு ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சது. ரெண்டாவதைப் பிறகு சொல்றேன்.

எழுத்துருவின் பெயர் அதை வரைஞ்சவர் பெயரில் இருந்து வந்தது. ஹெர்மன் ஸாப்ஃப். 1918 நவம்பர் 8 அன்று நியூரம்பர்க் நகரத்தில் பிறந்தார். சின்ன வயசுலயே மின்சாரச் சோதனைகள் பண்ணுவார். சகோதரரோட ரகசியச் செய்தி பரிமாறிக்க சொந்தமா எழுத்துகள் கண்டுபிடிச்சு வெச்சிருந்தார். மின் பொறியாளர் ஆகணும்னு ஆசை. அவர் அப்பா தொழிற்சங்கக்காரர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அப்பாவைப் பிடிச்சு டாஹாவ் முகாமில் கொஞ்ச காலம் அடைச்சாங்க. மகனுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியின் கதவு அதோட மூடிடுச்சு.

பையனுக்கு நல்லா வரைய வருதேன்னு ஆசிரியர்கள் பார்த்தாங்க. லித்தோ அச்சு வேலைக்குப் பயிற்சியாளனா போகச் சொன்னாங்க. அவரும் ஊர்ல இருக்கிற கம்பெனி ஒவ்வொண்ணா ஏறி இறங்கினார். வரைஞ்சதைப் பார்த்துப் பாராட்டுவாங்க, அடுத்து அரசியல் கேள்வி கேட்பாங்க, பிறகு இடமில்லைன்னு அனுப்பிடுவாங்க. பத்து மாசம் இப்படிப் போச்சு. டெலிபோன் டைரக்டரியில் கடைசியா இருந்த கம்பெனியில மட்டும்தான் அரசியல் கேட்கலை. அங்கேயும் லித்தோ வேலை இல்ல. அச்சுக்குப் போற படங்களைத் திருத்துற ரீடச்சிங் வேலை கொடுத்தாங்க. 1934இல் சேர்ந்தார்.

1935இல் நியூரம்பர்க்கில் ருடால்ஃப் கோக்கின் நினைவா ஒரு கண்காட்சி நடந்தது. முந்தின வருஷம் இறந்துபோன பெரிய எழுத்துக்கலைஞர் அவர். அதைப் பார்த்துட்டு வந்த பதினாறு வயசுப் பையன் ரெண்டு புத்தகம் வாங்கினான். ஒண்ணு கோக் எழுதினது, இன்னொண்ணு இங்கிலாந்தின் எட்வர்ட் ஜான்ஸ்டன் எழுதினதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. ரெண்டையும் வீட்டுல வெச்சுக்கிட்டு, பட்டை நிப் பேனாவால தானே எழுதிப் பழகினார். வாத்தியார் யாரும் கிடையாது. மூணே வருஷத்துல, 1938இல், ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டெம்பெல் எழுத்து வார்ப்பகத்துக்காக முதல் அச்செழுத்தை வரைய ஆரம்பிச்சுட்டார். கில்கன்கார்ட்னு பேர், பழைய ஜெர்மன் ஃபிராக்டூர் பாணி.

பிறகு போர். பீரங்கிப் படைப் பயிற்சிக்கு அனுப்பினாங்க. இடது எது வலது எதுன்னு குழப்பிக்கிற ஆளா இருந்திருக்கார். துப்பாக்கியும் சரியா வரலை. அதிகாரிகள் அலுத்துப்போய் வரைபடப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. அங்கே அவருக்கு இணை யாரும் இல்ல. பூதக்கண்ணாடி இல்லாமலே ஒரு மில்லிமீட்டர் உயர எழுத்தை பிரஷ்ஷால எழுதுவாராம். பிரான்சில் போர்தோ நகரத்துல உட்கார்ந்து ஸ்பெயின் நாட்டு வரைபடங்களைப் போட்டுக்கிட்டிருந்தார். அப்பாவை முகாமில் அடைச்ச அதே அரசாங்கத்தோட படைக்கு மகன் வரைபடம் போட்டான்கிறதை அவருடைய ரசிகர்கள் எழுதுற கட்டுரைகள் வேகமாத் தாண்டிப் போயிடுது. எனக்கு அப்படித் தாண்ட முடியல. கட்டாய ஆள்சேர்ப்பு, வேற வழி இருந்திருக்காதுதான். ஆனாலும் அந்தக் கையோட முதல் பெரிய வேலை அதுதான்.

அந்தக் காலத்துல அவர்கிட்ட ஒரு ஓவிய நோட்டு இருந்தது. 1944இல் அதுல ஒரு பக்கம் எழுதினார். யாரும் கேட்டு எழுதினது இல்ல. கை போன போக்குல, மேலயும் கீழயும் நீண்ட கோடுகளோட, ஒரு எழுத்தோட வால் அடுத்த எழுத்தின் தலைக்கு மேல நிழல் மாதிரி விழுற ஒரு நெடுங்கணக்கு. போர் முடிஞ்சதும் பிரெஞ்சுக்காரர்கள் கைதியா பிடிச்சு டூபிங்கனில் ஒரு படை மருத்துவமனையில் வெச்சிருந்தாங்க. வரைகிற ஆள்னு மரியாதையா நடத்தினாங்க. உடம்பும் சரியில்லாததால நாலு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நியூரம்பர்க் குண்டுவீச்சுல இடிஞ்சு கிடந்தது. நோட்டுல இருந்த பக்கம் மட்டும் தப்பிச்சுது.

அந்தப் பக்கத்தை எப்படியாவது அச்செழுத்தா ஆக்கணும்னு அவருக்கு ஆசை. 1947இல் ஸ்டெம்பெல் அச்சுக்கூடத்தின் கலை இயக்குநர் ஆனார். வார்ப்பகம் கைக்குள்ளேயே இருந்தும் அது முடியல. ஏன் முடியலைங்கிறதுதான் இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

ஈய அச்செழுத்தைப் பார்த்திருக்கீங்களா? நீள்சதுரமான ஒரு சின்ன உலோகக் கட்டை. அதோட தலையில கண்ணாடி பிம்பமா எழுத்து. எழுத்து என்ன வடிவமா இருந்தாலும் கட்டை நீள்சதுரம்தான், ஏன்னா அடுத்தடுத்து இடைவெளி இல்லாம அடுக்கணும். எழுத்தோட வால் கட்டையைத் தாண்டி வெளியே நீண்டா, அந்த நீட்டல் அடுத்த கட்டையின் தோள் மேல போய் உட்காரும். அச்சு இயந்திரம் அழுத்தும்போது முதல்ல உடையறது அந்த வால்தான். மென்பொருள் பாஷையில சொன்னா, ஒவ்வொரு எழுத்தும் தன் எல்லைப் பெட்டிக்குள்ளேயே இருந்தாகணும். கையெழுத்து அந்த விதிக்கு அடங்காது. கையால எழுதுறவன், ஒரு எழுத்தை எழுதும்போதே அடுத்தது என்னன்னு பார்த்துத்தான் கையைத் திருப்புறான்.

இதை ஜெயிக்க ஐரோப்பாவுல நானூறு வருஷத்துக்கு மேல முயற்சி பண்ணியிருக்காங்க. 1501இல் வெனிஸ் நகரத்தின் ஆல்டஸ் மனூஷியஸ், கையெழுத்தைப் பார்த்து வெட்டின சாய்வெழுத்துல புத்தகம் போட்டார். எழுத்தை வெட்டினவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. நாம இன்னைக்கு இட்டாலிக்னு சொல்றதோட ஆரம்பம் அது. 1557இல் லியோன் நகரத்துல ராபர்ட் கிரான்ஜோன், பிரெஞ்சுக்காரர்கள் அன்றாடம் எழுதுற கையெழுத்தையே அப்படியே ஈயத்துல வெட்டினார். வார்த்தை முடிவுக்குன்னு தனி வால் எழுத்துகள், கூட்டெழுத்துகள்னு பெட்டி நிறைய அச்சு. பார்க்க ரொம்ப அழகு, கோக்கிறவனுக்கு ரொம்பத் தலைவலி. அப்புறம் பாரிஸில் ஃபிர்மான் டிடோ கட்டையையே சாய்வா வார்த்துப் பார்த்தார். 1953இல் ரோஜர் எக்ஸ்கோஃபான் வரைஞ்ச மிஸ்ட்ரால் எழுத்துரு கிட்டத்தட்ட மந்திரம் மாதிரி. எல்லாச் சின்ன எழுத்தும் ஒரே உயரத்துல முடிஞ்சு ஒரே உயரத்துல தொடங்குறதால, எதை எதோட வெச்சாலும் ஒட்டிக்கும். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. எல்லா இணைப்பும் ஒரே மாதிரி. ஸாப்ஃபோட பக்கத்துல ரெண்டு இணைப்பு ஒரே மாதிரி கிடையாது.

அவரே 1940களின் கடைசியில விர்ட்டுவோசான்னு ஒரு அலங்கார எழுத்தை ஸ்டெம்பெலுக்கு வரைஞ்சார். உலோகம் எவ்வளவு விட்டுக்கொடுக்குமோ அவ்வளவுதான் வந்தது. நோட்டுப் பக்கம் பெட்டிக்குள்ளேயே இருந்துச்சு. நடுவுல அவர் சும்மா இல்ல. பாலடினோ, மெலியார், ஆப்டிமான்னு வரிசையா வந்தது. ஃபுளோரன்ஸ் நகரத்து சாந்தா குரோச்சே தேவாலயத்துல கல்லறைக் கல்வெட்டுகளைப் பார்த்தப்ப கையில தாள் இல்லாம, 1,000 லிரா நோட்டுலயே எழுத்துகளை வரைஞ்சுக்கிட்டு வந்தார். ஆப்டிமா அப்படிப் பிறந்தது. 1951இல் குட்ருன் ஃபான் ஹெஸ்ஸேயைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அந்தம்மாவும் பெரிய எழுத்துக்கலைஞர். டியோட்டிமா எழுத்துருவை வரைஞ்சவர். அவரைப் பத்தித் தனியாவே எழுதணும்.

உலோகம் போய் ஒளி அச்சுக்கோப்பு வந்ததும் முதல் பூட்டு திறந்தது. எழுத்து இப்ப கண்ணாடியில இருக்கிற ஒரு நிழல்தான், கட்டை கிடையாது. ஒண்ணு மேல ஒண்ணு விழலாம். மேத்யூ கார்ட்டர் 1960களில் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டை வரைஞ்சது இந்த வசதியில்தான். ஸாப்ஃப் 1979இல் ஸாப்ஃப் சான்சரியை வெளியிட்டார். ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிளஸ் அச்சுப்பொறியில் நிரந்தரமா இருந்த 35 எழுத்துருக்களில் அது ஒண்ணு.

இந்த இடத்துல நம்ம ஊர்க்காரங்க எல்லாருமே கதைக்குள்ள வர்றோம். மோனோடைப் கோர்சிவா ஞாபகம் இருக்கா? மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் இருந்த எல்லாக் கணினியிலும் இருந்தது. எங்க கல்லூரி சிம்போசியத்தோட பங்கேற்புச் சான்றிதழ், ஆண்டு விழா அழைப்பிதழ், ஜெராக்ஸ் கடை விசிட்டிங் கார்டு எல்லாம் அதுலதான். ஸாப்ஃப் சான்சரிக்கு மாற்றாளா செஞ்ச எழுத்துரு அது. ஒவ்வொரு எழுத்தோட அகலமும் ஸாப்ஃப் சான்சரியோட அகலத்துக்குப் பொருந்துற மாதிரி அமைச்சிருந்தாங்க. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட்டா வரி உடையக் கூடாது, பக்கம் நகரக் கூடாதுங்கிறது காரணம். அதே மாதிரி பாலடினோவுக்குப் பதில் புக் ஆன்டிக்வா. பாலடினோவைத் தெரிஞ்சவங்க அதைப் பார்த்தா சட்டுனு குழம்பிடுவாங்க. அமெரிக்கச் சட்டத்துல எழுத்துருவின் உருவத்துக்குக் காப்புரிமை கிடையாது. கணினிக் கோப்புக்கு மட்டும்தான் உண்டு. அதனால உருவத்தைப் பார்த்து வரைஞ்சா கேட்க ஆள் இல்ல. எழுத்துருத் துறையின் சர்வதேச சங்கத்துல இருந்த பெரிய உறுப்பினர்களே இப்படி நகலெடுக்கிறாங்க, சங்கம் வேடிக்கை பார்க்குதுன்னு சொல்லி 1993இல் ஸாப்ஃப் அதுல இருந்து விலகினார். அப்ப அவருக்கு 74 வயசு. இதைப் படிச்ச அன்னைக்கு என் விடுதி சிடி ஞாபகம் வந்துச்சு. பெரிய கம்பெனி பண்ணினதும் நான் பண்ணினதும் ஒண்ணான்னு கொஞ்ச நேரம் மனசுக்குள்ள வாதாடிப் பார்த்தேன். என் கட்சி தோத்துடுச்சு. அவங்களாவது வரைஞ்சாங்க.

அதே 1993இல்தான் அந்தப் பக்கத்துக்கு மறுபடி உயிர் வந்தது. மின் பொறியாளர் ஆக முடியாத ஸாப்ஃப், 1960களிலேயே கணினியால அச்சுக்கோப்பு பண்ணணும்னு பேசிக்கிட்டிருந்தார். ஜெர்மனியில காது கொடுக்க ஆள் இல்ல. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்துல 1977 தொடங்கி பத்து வருஷம் அந்தப் பாடத்தையே நடத்தினார். டெக் மென்பொருளை எழுதின டொனால்ட் கனூத்தோட சேர்ந்து, கணிதக் குறியீடுகளுக்காக ஆய்லர்னு ஒரு எழுத்துரு செஞ்சார். ஸ்டான்ஃபோர்டில் அந்தத் திட்டத்துல வேலை பார்த்த மாணவர்களில் ஒருத்தர் டேவிட் சீகல். 1993இல் அவர் ஸாப்ஃபுக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் நிறைய உருவங்கள் இருக்கிற ஒரு எழுத்துரு செய்யலாம், எந்த இடத்துல எந்த உருவம் வரணும்னு நிரலே முடிவு பண்ணட்டும்னு யோசனை. கேயாஸ் கோட்பாட்டுல அவருக்கு அப்ப ஈடுபாடு. ஸாப்ஃப் தயங்கித்தான் ஒப்புக்கிட்டிருக்கார். ஆனா அந்த 1944 நோட்டுப் பக்கம் உடனே நினைவுக்கு வந்திருக்கு. ஜீனோ லீங்கிற நிரலாளரும் சேர்ந்தார். வேலை பாதிக்கு மேல முடிஞ்சது.

அப்புறம் சீகலுக்குச் சொந்த வாழ்க்கையில ஏதோ இடறல். திட்டத்தை விட்டுட்டு வலைத்தள வடிவமைப்புக்குப் போயிட்டார். என் வயசுல வலைப்பக்கம் செஞ்சவங்களுக்கு அந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்ஸல் கிஃப் படத்தை டேபிளுக்குள்ள திணிச்சு இடைவெளி விடுற வித்தையைப் புத்தகம் போட்டுப் பரப்பினவர் அவர்தான். நானும் பண்ணியிருக்கேன். அந்த பாவத்துக்கும் இந்த அழகுக்கும் ஒரே ஆள் காரணம்னு தெரிஞ்சப்ப சிரிப்பு வந்துச்சு.

முடிக்க ஆள் இல்லாம கிடந்த வேலையை 1997இல் ஸாப்ஃப் லினோடைப் நிறுவனத்துக்கு எடுத்துட்டுப் போனார். அவங்க ஒத்துக்கிட்டாங்க. 1998இல் ஸாப்ஃபினோ வெளிவந்தது. நோட்டுல எழுதினப்ப அவருக்கு வயசு 25. வெளிவந்தப்ப எண்பதைத் தொட்டுட்டார்.

ஆனா அந்த முதல் பதிப்பிலும் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. அன்றைய எழுத்துருக் கோப்புல 256 இடம்தான். அதனால ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு நாலு தனித்தனி எழுத்துருவாப் பிரிச்சு, கூட்டெழுத்துக்கும் அலங்காரத்துக்கும் வேற கோப்புகள் வெச்சு வித்தாங்க. எந்த இடத்துல எந்த உருவம்னு டிசைனர்தான் ஒவ்வொரு எழுத்தா மாத்தணும். கிரான்ஜோனின் கம்பாசிட்டர் பட்ட அதே பாடு. சீகல் கேட்ட தானா முடிவெடுக்கிற எழுத்துரு, ஆப்பிள் மேக் ஓஎஸ் எக்ஸில் ஸாப்ஃபினோவைச் சேர்த்தப்பதான் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் ஒரே கோப்புல. கூடவே ஒரு விதி அட்டவணை.

அந்த அட்டவணை உள்ளபடியே ஒரு ஸ்டேட் மெஷின். கல்லூரியில ஆட்டோமேட்டா பாடத்துல படிச்சோமே, அதேதான். எழுத்துகளை ஒண்ணொண்ணா வாசிச்சுக்கிட்டே போகும். இந்த நிலையில இருக்கும்போது இந்த எழுத்து வந்தா அந்த நிலைக்குப் போ, அங்கே அது வந்தா முந்தினதை அழிச்சு இந்த உருவத்தைப் போடு. முதல்ல சொன்ன சோதனையில ஓ தட்டினதும் நடந்தது அதுதான். ஏழாவது எழுத்துல மெஷின் கடைசி நிலைக்குப் போய், ஏழையும் எடுத்துட்டு ஒரே உருவத்தை வெச்சது. பின்னால 2003இல் லினோடைப்பில் அகிரா கோபயாஷியோட சேர்ந்து ஸாப்ஃப் இதையே ஓப்பன்டைப் முறைக்குக் கொண்டு வந்தார். அது ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ரா.

இப்ப என் ரெண்டாவது தப்புக்கு வர்றேன். நான் கன்வெர்ட் பண்ணின கோப்புல உருவங்கள் வந்துச்சு. ஆப்பிளோட விதி அட்டவணையை வாசிக்கிறதுக்கு 2006இல் என் விண்டோஸில் ஆளே இல்ல. அதனால ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே உருவம், எங்கே வந்தாலும் அதுவேதான். போன மாசம் அந்தப் பத்திரிகையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் தங்கச்சி பேர்ல ஆங்கிலத்துல மூணு ஏ. மூணும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி ஒண்ணு. ஸாப்ஃப் ஐம்பது வருஷம் எதுக்காகக் காத்திருந்தாரோ அதை மட்டும் கழட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தைத் திருடியிருக்கேன்.

தமிழ் தட்டச்சு செய்யிற எல்லாருக்கும் இந்த விதி அட்டவணை தெரியாமலே பழக்கம். க-வும் உகரக் குறியும் சேர்ந்தா கு ஆகுறது இதே மாதிரியான ஒரு மாற்றீட்டு விதியால. கெ தட்டும்போது பின்னால தட்டின கொம்பு முன்னால வந்து நிற்கிறதுக்கும் இதே மாதிரி ஒரு எந்திரம்தான் வேலை செய்யுது. லத்தீன் எழுத்துக்கு இது அலங்காரம். நமக்கு இது இல்லேன்னா வாசிக்கவே முடியாது. இந்தக் கூட்டுவேலை சரியா நடக்காம எழுத்து சிதறிக் கிடந்த பழைய காலம் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும்.

எங்கே போடலாம், எங்கே போடக் கூடாதுன்னு கேட்டா, பட்ட அனுபவத்துல சில விஷயம் சொல்றேன். முழு வார்த்தையையும் கேபிடல்ல போடாதீங்க. பெரியப்பா போன் பண்ணுவார். ஒவ்வொரு கேபிடலும் தனியா மேடை ஏறி ஆடுறதுக்காக வரைஞ்சது. பத்துப் பேரை ஒரே மேடையில ஏத்தினா இடிச்சுக்கத்தான் செய்யும். ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல வேண்டாம். கல்யாணப் பத்திரிகைன்னா ரெண்டு பேரோட பெயர் மட்டும். மண்டபம், தேதி, முகவரிக்கெல்லாம் அமைதியான ஒரு எழுத்துரு. பாலடினோ பக்கத்துல வெச்சா ஒரே கை எழுதினதுன்னு தெரியும். எழுத்து இடைவெளியைக் கூட்டாதீங்க, கூட்டினா கூட்டெழுத்தெல்லாம் உடைஞ்சுடும். நடு எழுத்து ரொம்பச் சின்னது, மேல் கோடும் கீழ் வாலும் ரொம்ப நீளம். அதனால மேலயும் கீழயும் தாராளமா வெள்ளை இடம் வேணும். வலைப்பக்கத்துல பட்டனுக்குள்ள போட்டா வால் பெட்டிக்கு வெளியே போய் வெட்டுப்பட்டு நிற்கும். ஈயக் கட்டையோட பிரச்சினை சிஎஸ்எஸ்ஸில் மறுபிறவி எடுத்து வந்திருக்கு. சொரசொரப்பான அட்டையில தங்க மை ஸ்கிரீன் பிரின்டிங்னா மெல்லிய கோடுகள் நடுவுல விட்டுப் போகும். அளவைப் பெருசாக்குங்க, இல்லேன்னா வழவழப்பான தாளுக்கு மாறுங்க.

எல்லா மேக்லயும் இலவசமா வந்ததாலேயே அது கொஞ்சம் தேஞ்சு போச்சுன்னும் சொல்லணும். ஸ்பா, கேக் கடை, யோகா வகுப்புன்னு எங்கே பார்த்தாலும் ஸாப்ஃபினோ. டிசைனர்கள் சிலருக்கு இன்னைக்கு அதைப் பார்த்தாலே அலர்ஜி. எனக்கு அந்த அளவுக்கு இல்ல. நல்லாப் போட்டிருந்தா இப்பவும் நின்னு பார்க்கிறேன்.

ஸாப்ஃப் 2015 ஜூன் 4 அன்று டார்ம்ஸ்டாட் நகரத்தில் இறந்தார். 96 வயசு. நதீன் ஷாஹீன் வடிவமைச்ச ஸாப்ஃபினோ அரபிக் கிட்டத்தட்ட அந்தச் சமயத்துல வந்தது. அரபி எழுத்து இயல்பிலேயே சேர்ந்து ஓடுறது. ஸாப்ஃபினோ அங்கே போனப்ப சொந்த வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு.

தமிழ்ல கையால சேர்த்து எழுதுற பழக்கம் நமக்கும் இருந்தது. பழைய பத்திரங்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பேனாவை எடுக்காம ஓடுற கை. என் தாத்தா எழுதின 15 பைசா போஸ்ட் கார்டு ஒரு கட்டு வீட்டுல இருக்கு. அதை ஸ்கேன் பண்ணி, ஒரே எழுத்தை அவர் எத்தனை விதமா எழுதியிருக்கார்னு எண்ண ஆரம்பிச்சிருக்கேன். வார்த்தை தொடக்கத்துல ஒண்ணு, ககரம் இரட்டிச்சா ரெண்டாவதுக்கு வேற ஒண்ணு, அவசரமா முடிக்கிறப்ப இன்னொண்ணு. நாலு கார்டு முடிஞ்சிருக்கு. க மட்டும் இதுவரை 11 வந்திருக்கு.